ஒன்றரை ஷிப்ட் என்னும் மூடநம்பிக்கை

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நிறைவேறியது. எட்டு மணி நேர வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரம்வரை நீட்டிக்கொள்ள ஆலைகளுக்கு அது வழி திறந்துவிட்டது. ஆளும் கட்சியின் கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். மசோதா போய்விட்டது. அதைப் பெற்றெடுத்த எண்ணம் அப்படியே இருக்கிறது.

அதே ஆண்டு அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்பிரமணியன் அதை 90 ஆக்கினார். பின்னலாடை ஊரான திருப்பூருக்கு இந்த அறிவுரை எதுவும் புதிதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டு, எட்டரைக்கு வெளியே வரும் 'ஒன்றரை ஷிப்ட்' அங்கே பல காலமாக நடைமுறை. பேச்சு வழக்கில் அதற்குத் தனிப் பெயரே இருக்கிறது என்றால் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்று பாருங்கள்.

மூன்று இடத்திலும் நம்பிக்கை ஒன்றுதான்: போட்டியில் நிற்க வேண்டுமானால் கூலியை அழுத்திப் பிடி, நேரத்தை நீட்டு. வங்கதேசம் அப்படித்தான் வென்றது, ஜப்பான் அப்படித்தான் எழுந்தது, நாமும் அப்படித்தான் எழ வேண்டும். தொழில் அமைப்புகளின் கூட்டங்களிலும் பத்திரிகைத் தலையங்கங்களிலும் தேநீர்க் கடைப் பேச்சிலும் இது சோதிக்கப்படாத உண்மையாக உலவுகிறது. இதை எதிர்ப்பவர்கள்கூடப் பெரும்பாலும் இரக்கத்தின் பெயரால்தான் எதிர்க்கிறார்கள். தொழிலாளியின் உடல் தாங்காது, குடும்பம் சிதையும் என்கிறார்கள். அவை உண்மை, அவை மட்டுமே போதுமான காரணங்களும்கூட. ஆனால் அப்படிப் பேசும்போது ஒன்றை விட்டுக்கொடுத்துவிடுகிறோம். நேரத்தை நீட்டினால் தொழில் வெல்லும், நாம்தான் கருணையால் வேண்டாம் என்கிறோம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. அந்த இடத்தைத்தான் நான் விட்டுக்கொடுக்க மறுக்கிறேன். நேரத்தை நீட்டினால் தொழில் வெல்லாது. பெரும்பாலும் தோற்கும். அது தோற்றுக்கொண்டிருப்பதை மறைக்கத்தான் நேரம் நீட்டப்படுகிறது.

முதலில் கணக்கு. ஒரு சாதாரண டி-ஷர்ட்டுக்குப் பத்து நிமிடத் தையல் வேலை என்று வைத்துக்கொள்வோம். முப்பது பேர் உட்கார்ந்து தைக்கும் ஒரு லைனுக்கு எட்டு மணி நேரத்தில் மொத்தம் 14,400 நிமிடம் கிடைக்கிறது. ஒரு நிமிடமும் வீணாகாவிட்டால் 1,440 பீஸ் இறங்க வேண்டும். எந்த லைனும் அப்படி ஓடாது. பாதிக்கும் குறைவாக, 45 சதவீதத் திறனில் ஓடுகிறது என்றால் 648 பீஸ். இப்போது முதலாளி ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிறார். பன்னிரண்டு மணி நேரம், அதே 45 சதவீதம்: 972 பீஸ். கூடுதலாக 324 பீஸ் வந்துவிட்டது, அவருக்கு நிம்மதி.

அதே 972 பீஸை எட்டு மணி நேரத்திலேயே எடுக்கத் திறன் எவ்வளவு உயர வேண்டும்? 67.5 சதவீதம். நல்ல நிர்வாகம் உள்ள தையல் ஆலையில் இது யாரையும் வியக்க வைக்கும் எண் இல்லை. செலவைப் பாருங்கள். சட்டப்படி மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. ஆகவே பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் பதினாறு மணி நேரக் கூலி. சட்டத்தை மீறி ஒன்றரை ஷிப்ட் கூலி மட்டும் கொடுத்தாலும் பன்னிரண்டு மணி நேரக் கூலி. மறுபக்கம், அதே சரக்கு எட்டு மணி நேரக் கூலியில் முடிகிறது. போட்டியில் நிற்க விலையைக் குறைக்க வேண்டும் என்று சொல்பவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? இத்தனைக்கும் பன்னிரண்டாவது மணி நேரத்திலும் கை முதல் மணி நேரத்தைப் போலவே ஓடும் என்று அவருக்குச் சாதகமாக வைத்துக்கொண்டுதான் இந்தக் கணக்கைப் போட்டிருக்கிறேன். ஓடாது.

ஓடாது என்பதற்கு நூறாண்டு பழைய சான்று இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் வேலை செய்தவர்களின், பெரும்பாலும் பெண்களின், வேலை நேரத்தையும் உற்பத்தியையும் அரசு 1915இல் அமைத்த குழு ஒன்று வாரவாரம் பதிவு செய்தது. ஸ்டான்ஃபோர்டு பொருளியலாளர் ஜான் பென்காவெல் அந்தப் பதிவுகளைப் பின்னாளில் எடுத்து ஆராய்ந்தார். வாரத்துக்கு ஏறத்தாழ 49 மணி நேரம்வரை நேரத்துக்கு ஏற்ப உற்பத்தி கூடியிருந்தது. அதற்கு மேல் கூடும் வேகம் தளர்ந்துகொண்டே போனது. 70 மணி நேரம் வேலை செய்த வாரத்தின் உற்பத்திக்கும் 56 மணி நேர வாரத்தின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடே இல்லை. கூடுதலாகப் பதினான்கு மணி நேரம் அந்தப் பெண்கள் ஆலைக்குள் நின்றார்கள். அதற்கு ஈடாக நாட்டுக்குக் குண்டு ஒன்றும் பெரிதாக மிகவில்லை. நாராயண மூர்த்தி சொன்ன அதே 70 என்பதைக் கவனியுங்கள்.

ஜப்பான் கதைக்கு வருவோம். ஜப்பானியர் நீண்ட நேரம் உழைத்தார்கள் என்பது உண்மை. உழைத்துச் செத்தவர்களுக்கு அங்கே தனிச் சொல்லும் சட்டமும் இருப்பதும் உண்மை. ஆனால் அமெரிக்கக் கார் கம்பெனிகளை ஜப்பான் வீழ்த்தியது அந்த நேரத்தால் இல்லை. 1950இல் டொயோட்டா திவாலின் விளிம்பில் நின்றது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், நிறுவனர் கிய்ச்சிரோ டொயோடா பதவி விலகல் எல்லாம் அந்த ஒரே ஆண்டில். அமெரிக்காவைப் போல ஒவ்வொரு உறுப்புக்கும் தகட்டை அடித்து வடிவமைக்கும் தனி அச்சு இயந்திரம் வாங்க அவர்களிடம் பணமில்லை. இருக்கும் சில இயந்திரங்களிலேயே அச்சை மாற்றி மாற்றி அடிக்க வேண்டியிருந்தது. 1969 வாக்கில் அங்கே ஓர் ஆயிரம் டன் அச்சு இயந்திரத்தில் அச்சு மாற்ற நான்கு மணி நேரம் ஆனது. ஷிகியோ ஷிங்கோ என்ற பொறியாளர் அதைத் தொண்ணூறு நிமிடமாக்கினார். பிறகு நிர்வாகம் மூன்று நிமிடம் கேட்டது, அதையும் சாதித்தார்கள். இயந்திரம் நிற்கும்போதுதான் செய்ய முடிகிற வேலை எது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்கூட்டிச் செய்துவைக்கக்கூடிய வேலை எது என்று பிரித்ததுதான் அதன் சூட்சுமம். யாரும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிற்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து டொயோட்டாவால் சிறு சிறு தொகுதிகளாக, கேட்டபோது கேட்டதை, மலிவாகச் செய்ய முடிந்தது.

திருப்பூரின் தையல் பகுதியான பவர் டேபிள் செக்‌ஷனில் ஸ்டைல் மாறும் நாளை அறிந்தவர்களுக்கு இது எவ்வளவு அருகில் உள்ள விஷயம் என்று தெரியும். பழைய ஆர்டர் முடிந்த பிறகுதான் மெஷின் இடம் மாறும்; ஓவர்லாக்குக்கு நூல் மாற்றுவார்கள்; ஃபோல்டர் தேடுவார்கள்; மாதிரிப் பீஸுக்கு ஒப்புதல் வாங்குவார்கள். முப்பது டெய்லர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்படிக் காலையில் போன நேரத்தை மீட்கத்தான் இரவு எட்டரை வரை நிறுத்துகிறார்கள்.

ஜப்பானோடு ஜெர்மனியையும் மூர்த்தி துணைக்கு அழைத்தார். ஐம்பதுகளிலேயே அங்கே தொழிற்சங்கங்கள் சனிக்கிழமையை விடுமுறையாக்கப் போராடத் தொடங்கிவிட்டன. இன்று வளர்ந்த நாடுகளில் ஆண்டுக்கு மிகக் குறைந்த நேரம் வேலை செய்பவர் ஜெர்மானியர், சுமார் 1,340 மணி. மெக்சிகோக்காரர் சுமார் 2,200 மணி. நேரம்தான் வெற்றி தரும் என்றால் இயந்திரம் வாங்க நம் ஊர் முதலாளிகள் மெக்சிகோவுக்கல்லவா போக வேண்டும்?

தொழிலாளி சரியில்லை என்ற வாதத்தை உடைக்க ஃப்ரிமாண்டைவிடச் சிறந்த சான்று இல்லை. கலிஃபோர்னியாவின் அந்த ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை அமெரிக்காவிலேயே மிக மோசமான பெயர் எடுத்திருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார். சச்சரவு, குடி, புகார் மனுக்களின் குவியல். 1982இல் ஆலையை மூடினார்கள். 1984இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து, நம்மி என்ற பெயரில், அதே கட்டடத்தைத் திறந்தன. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் அதே பழைய தொழிலாளர்கள். சங்கமும் அதே சங்கம். மாறியது வேலை நடக்கும் முறை. எந்தத் தொழிலாளியும் குறை கண்டால் கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். வேலை முறையை அந்தந்தக் குழுவே எழுதும், அதுவே திருத்தும். இரண்டு மூன்று ஆண்டுகளில் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒப்பிட்டபோது, ஜெனரல் மோட்டார்ஸின் ஃப்ரேமிங்ஹாம் ஆலையில் ஒரு கார் பூட்ட 31 மணி நேர உழைப்பு, ஜப்பானில் டொயோட்டாவின் தகாஒகா ஆலையில் 16, நம்மியில் 19. நூறு காருக்கு ஃப்ரேமிங்ஹாமில் 130 குறைகள். நம்மியில் 45, தகாஒகாவிலும் அதே 45. சோம்பேறிகள், குடிகாரர்கள் என்று மூடப்பட்ட ஆலையின் அதே மனிதர்கள் இவர்கள்.

ஆடத் தெரியாதவர் கூடம் கோணல் என்ற கதைதான். "ஆள் கிடைக்கல, கிடைச்ச ஆளும் நிக்கல, வேலை தெரியல" என்று புலம்பும் ஒவ்வொரு நிர்வாகமும் ஃப்ரிமாண்டுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவும் ஜப்பானும் வேறு, இந்தியா வேறு என்பார்கள். சரி, இந்தியாவுக்கே வருவோம், அதுவும் துணித் தொழிலுக்கே. மும்பைக்கு வடக்கே தாராபூர், உம்பர்காவ் வட்டாரத்தின் நெசவு ஆலைகளில் நிக்கோலஸ் புளூம், அப்ரஜித் மகாஜன், டேவிட் மெக்கன்சி உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. குலுக்கல் முறையில் சில ஆலைகளைத் தேர்ந்து, அவற்றுக்கு மாதக்கணக்கில் நிர்வாக ஆலோசனை தரப்பட்டது, மற்றவை ஒப்பீட்டுக்கு. போகும்போது அந்த ஆலைகள் எப்படி இருந்தன? நூல் மூட்டைகள் எந்த நிறம், எந்த எண் என்ற குறிப்பே இல்லாமல் குவிந்து கிடந்தன. உதிரி பாகங்கள் கலந்து கிடந்தன. தறி ஏன் நின்றது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. துணியில் விழுந்த குறைகளைக் கையால் சரிசெய்வதற்கு மட்டும் ஆலையின் ஆட்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு செலவானது.

என்ன செய்தார்கள்? பெரிதாக ஒன்றுமில்லை. குறைகளை வகைபிரித்துத் தினமும் பதிந்தார்கள். காலையில் மேலாளர்கள் கூடி நேற்றைய குறைகளைப் பேசினார்கள். தறிகளுக்குப் பராமரிப்புத் தேதி குறித்தார்கள். நூலுக்கு அலமாரியும் அட்டையும் வைத்தார்கள். இத்தகைய 38 நடைமுறைகள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் உயர்ந்தது. வேலை நேரத்தை நீட்டி இது வரவில்லை. மூன்று ஆண்டுக்குள் அந்த நிறுவனங்கள் புதிய ஆலைகளையும் திறந்தன.

நேரத்தை நீட்டச் சொல்பவர்கள் இந்த ஆய்வை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இதில் அவர்களைப் பற்றிய பகுதி ஒன்று இருக்கிறது. இவ்வளவு எளிய, இவ்வளவு லாபமான மாற்றங்களை இத்தனை காலம் ஏன் செய்யவில்லை என்று ஆய்வாளர்கள் கேட்டார்கள். பல முதலாளிகள் தங்கள் ஆலை நன்றாகவே ஓடுவதாக நம்பினார்கள். எல்லா முடிவும் முதலாளி குடும்பத்திடமே இருந்தது; அவருக்கோ நேரமில்லை. ஒரு நிறுவனம் எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை அது எவ்வளவு நன்றாக நடத்தப்படுகிறது என்பதைவிட, அந்தக் குடும்பத்தில் எத்தனை ஆண்மக்கள் இருக்கிறார்கள் என்பதே அதிகம் தீர்மானித்தது. வெளியாளை நம்பிப் பொறுப்புக் கொடுக்க முடியாது. மகனோ தம்பியோ மருமகனோ இருந்தால்தான் அடுத்த யூனிட் தொடங்க முடியும். கொங்கு நாட்டுத் தொழில்களை அறிந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஒன்பது ஆண்டுக்குப் பிறகு அதே ஆலைகளுக்குப் போனபோது கற்றுக்கொண்ட நடைமுறைகளில் பாதியளவு கைவிடப்பட்டிருந்தன. மேலாளர் மாறியதும் முதலாளிக்கு நேரமில்லாததும் முக்கியக் காரணங்கள். தொழிலாளியின் சோம்பலை யாரும் காரணமாகச் சொல்லவில்லை.

திருப்பூரில் இன்னொரு காரணமும் சேர்கிறது. பீஸ் ரேட்டிலும் கான்ட்ராக்ட்டிலும் வேலை நடக்கும் இடங்களில், கட் பீஸ் வராமல் டெய்லர் இரண்டு மணி நேரம் சும்மா இருந்தால் அந்த நஷ்டம் அவர் தலையில்தான் விழுகிறது. முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் அது ஒரு ரூபாய்கூட ஏறுவதில்லை. ஏறாத செலவை யார் குறைப்பார்? லேபிள் வரவில்லை, காலருக்கான ரிப் துணி நிறம் ஒட்டவில்லை, மெக்கானிக் வேறு யூனிட்டில் இருக்கிறார் என்று போகிற நிமிடங்கள் எல்லாம் இலவசம் போலவே தெரிகின்றன. கப்பல் தேதி நெருங்கும்போதுதான் அவை மொத்தமாகத் திரும்பி வருகின்றன. அப்போது இரவு வேலை, அதுவும் போதாவிட்டால் விமானத்தில் சரக்கு. ஏர் ஷிப்மென்ட் போன ஆர்டரில் லாபம் எங்கே போனது என்று ஏற்றுமதியாளர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

இன்னொரு உண்மை இதைவிட முக்கியமானது. பல ஆர்டர்களில் தாமதம் தையலில் உண்டாவதே இல்லை. நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்பிராய்டரி என்று துணி ஊர் முழுக்க ஜாப் ஒர்க்குக்குச் சுற்றுகிறது. சாயமேறி வரவேண்டிய துணி நான்கு நாள் தாமதமானால் தையல் செக்‌ஷனை இருபத்துநாலு மணி நேரம் ஓட்டினாலும் ஒரு பீஸ் கூடாது. ஓர் ஆலையின் மொத்த வேகத்தை அதன் மிகக் குறுகலான இடம்தான் தீர்மானிக்கும். மற்ற இடங்களில் கூட்டுகிற நேரம் குவியலைத்தான் கூட்டும். குவியல் கூடினால் நாள் கூடும். ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இது: உள்ளே கிடக்கும் சரக்கை ஒருநாள் உற்பத்தியால் வகுத்தால் ஒரு பீஸ் உள்ளே கிடக்கும் நாள் தெரியும். 30,000 பீஸ் தேங்கிக் கிடக்கும் செக்‌ஷனில் தினம் 3,000 வெளியேறினால் ஒவ்வொரு பீஸும் பத்து நாள் உள்ளே கிடக்கிறது. தையலோ பத்து நிமிடம். பத்து நிமிட வேலைக்குப் பத்து நாள் எடுக்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, அந்தப் பத்து நிமிடத்தைத் தைக்கும் பெண்ணை இன்னும் வேகமாக, இன்னும் நேரமாக என்று விரட்டுவதில் என்ன அறிவு இருக்கிறது?

குறுகலான இடத்தைக் கண்டு அதைக் காப்பது எப்படி என்று கற்க வெளிநாடு போக வேண்டாம், மதுரை போதும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டுவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை செய்தவர் அவர். கண்புரைச் சிகிச்சையில் எதற்குப் பஞ்சம் என்று பார்த்தார்: அறுவை மருத்துவரின் கைக்கு. அந்தக் கை ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது என்பதைச் சுற்றி மருத்துவமனை முழுவதும் அமைந்தது. அறுவை அறையில் மருத்துவருக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயார். கண் பரிசோதனை, அளவெடுப்பு, முன்தயாரிப்பு, ஆலோசனை எல்லாவற்றையும் செய்பவர்கள் கிராமங்களிலிருந்து வந்து இரண்டு ஆண்டு பயிற்சி பெற்ற இளம் பெண்கள். நாட்டின் சராசரிக் கண் மருத்துவர் செய்வதைப் போலப் பல மடங்கு, ஆண்டுக்கு ஈராயிரம் அளவில், அங்கே ஒருவர் அறுவை செய்கிறார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் இறக்குமதி விலையில் ஏழைக்கு எட்டவில்லை என்றதும் 1992இல் அரோலேப் தொடங்கி அதையும் மதுரையிலேயே செய்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ஏறக்குறையப் பாதி நோயாளிகளுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ பார்த்த பிறகும் நிறுவனம் தன் காலில் நிற்கிறது.

இதை வெறும் தருமம் என்று பாராட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆதங்கம்தான் வருகிறது. இங்கே தருமத்தைச் சுமப்பது உற்பத்தி முறை. தமிழ்நாட்டு வணிகப் பள்ளிகளும் தொழில் சங்கங்களும் தங்கள் முற்றத்திலேயே இருக்கும் இந்தப் பாடத்தை வாழ்க்கை வரலாறாகப் படித்தார்களே தவிர, தொழிற்சாலைப் பாடமாகப் படிக்கவில்லை.

இன்னொரு பாடம் சென்னைப் பாடியில் இருக்கிறது. 1991க்குப் பிறகு சந்தை திறந்தபோது நம் வாகன உதிரி பாகத் தொழில் வெளிநாட்டு வெள்ளத்தில் மூழ்கும் என்றார்கள். 1998இல் சுந்தரம் கிளேட்டன் தர நிர்வாகத்துக்கான ஜப்பானின் டெமிங் பரிசை வென்றது. இந்தியாவில் அதுவே முதல். பின்னால் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், டி.வி.எஸ். மோட்டார், ராணே பிரேக் லைனிங், லூகாஸ்-டி.வி.எஸ். என்று ஐந்தாறு ஆண்டில் வரிசையாக வந்தன. ஒழுங்கு, பதிவு, குறையின் வேரைத் தேடுதல், லைனில் நிற்பவரின் யோசனையைக் கேட்டுச் செயல்படுத்துதல் என்று ஆண்டுக்கணக்கில் செய்ததன் பலன். அந்தப் பரிசுக்குப் பெயர் தந்த டெமிங்கின் சொந்த மதிப்பீட்டில் ஆலைக் கோளாறுகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, நிர்வாகத்தின் பொறுப்பு. மிச்சத்துக்காகத்தான் நாம் தொழிலாளியை விரட்டிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் வங்கதேசம். அங்கே கூலி குறைவு. 2023 டிசம்பரில் உயர்த்திய பிறகும் ஆயத்த ஆடைத் தொழிலில் குறைந்தபட்ச மாதக் கூலி 12,500 டாக்கா. அந்த விலையில் நாம் எப்படிப் போட்டி போடுவது? இதில் ஒரு பாதி நியாயம் உண்டு. பின்தங்கிய நாடு என்ற தகுதியில் வங்கதேசச் சட்டைகள் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போனபோது நம் சட்டைகள் வரி கட்டிப் போயின. அது நம் ஆலைகளின் குற்றமில்லை. ஆனால் கூலியே எல்லாம் என்றால் சீனா எப்படி? நம்மைப் போலப் பல மடங்கு கூலி கொடுத்தும் உலகின் முதல் ஆடை ஏற்றுமதியாளர் அதுதான். வியட்நாமின் தையல் தொழிலாளி திருப்பூர்த் தொழிலாளியைவிட அதிகம் சம்பாதிக்கிறார். அந்த நாட்டின் ஆடை ஏற்றுமதி இந்தியாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஸ்பெயினின் ஆடை நிறுவனமான ஸாரா தன் துணிகளில் கணிசமான பங்கைக் கலீசியாவிலும் பக்கத்துப் போர்ச்சுகலிலும் ஐரோப்பியக் கூலியில் தைத்து வாங்கியே வளர்ந்தது. வடிவமைத்த உடுப்பு சில வாரங்களில் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பதற்காகத் தன் ஆலைகளின் முழுக் கொள்ளளவையும் நிரப்பாமல் கொஞ்சம் காலியாக வைத்திருந்தது. நேரத்தை நிரப்பு நிரப்பு என்கிற நம் வழக்கத்துக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். விற்காத சரக்கைத் தள்ளுபடியில் கொட்டும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் அந்தக் காலி இடம் மலிவு என்பது அவர்கள் போட்ட கணக்கு.

விக்கம் ஸ்கின்னர் 1969லேயே ஹார்வர்டிலிருந்து இதைச் சொன்னார்: எல்லா ஆலையும் எல்லாவற்றிலும் சிறக்க முடியாது; விலையா, வேகமா, தரமா, வகையா, எதில் வெல்லப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்து அதற்கேற்ப ஆலையை அமைக்க வேண்டும்; இந்த முடிவைத் தலைமை தன் கையிலிருந்து நழுவவிடுகிறது. திருப்பூரில் ஒரே லைனில் ஒரு வாரம் லட்சம் பீஸ் வெள்ளை பனியன், அடுத்த வாரம் எண்ணூறு பீஸ் எம்பிராய்டரி போட்ட குழந்தைச் சட்டை. முன்னதில் வங்கதேசத்தின் விலைக்கும், பின்னதில் ஐரோப்பாவின் வேகத்துக்கும் ஈடுகொடுக்க முயல்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே தீர்வாக ஒன்றரை ஷிப்ட். பருத்திப் பின்னலில் நூறு சிறு வகைகளை ஒரே ஊருக்குள் செய்து முடிக்கும் திறமை வேறெங்கும் எளிதில் கிடைக்காது. சாயக் கழிவு வழக்கில் 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடிய பிறகு பட்டுத் தெளிந்து கட்டிய சுத்திகரிப்பு வசதியும் அப்படித்தான். வெல்ல வேண்டிய களம் அது.

இடதுசாரி நண்பர்கள் சிலர் வேறொரு பக்கத்திலிருந்து என்னை மறுப்பார்கள். உற்பத்தித் திறன் என்று பேச ஆரம்பித்தாலே ஸ்டாப்வாட்சோடு ஒருவன் பின்னால் வந்து நிற்பான். மணிக்கு இவ்வளவு டார்கெட். கழிவறைக்குப் போனாலும் கேள்வி. அந்த அச்சம் பொய்யில்லை. சூப்பர்வைசரின் அதட்டலுக்குப் பெயர்தான் திறன் மேம்பாடு என்று பல ஆலைகள் நினைக்கின்றன. ஆனால் அது ஒன்றரை ஷிப்டின் உடன்பிறப்பு. இரண்டிலும் அமைப்பின் கோளாறைத் தொழிலாளியின் உடம்பிலிருந்து ஈடுகட்டும் அதே சோம்பேறித்தனம்தான் இருக்கிறது. நம்மியில் ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்குறுதி ஒப்பந்தத்திலேயே இருந்தது. எண்பதுகளின் பிற்பகுதியில் விற்பனை சரிந்தபோது ஆட்களை அனுப்பவில்லை, பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். தன் யோசனையால் வேலை சுலபமானால் தன் வேலையே போய்விடும் என்று அஞ்சும் தொழிலாளி எந்த யோசனையும் சொல்லமாட்டார். ஆகவே மிச்சமாகும் நிமிடத்தில் தொழிலாளிக்குப் பங்கு என்பது உற்பத்தித் திறனின் நிபந்தனை. சலுகை என்று அதைக் கணக்கில் எழுதக் கூடாது.

உடம்பையும் கொஞ்சம் நினைக்கலாம். பெங்களூரைச் சுற்றியுள்ள ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எடுத்துவிட்டு வெப்பம் குறைந்த எல்.இ.டி. விளக்குகளைப் போட்டபோது வெயில் நாட்களில் உற்பத்தித் திறன் உயர்ந்ததை ஆய்வாளர்கள் அளந்தார்கள். அந்த ஆதாயத்தையும் சேர்த்தால் விளக்குகளுக்குப் போட்ட பணம் திரும்பி வர ஆகும் காலம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைந்தது. சித்திரை மாதத்துத் தகரக் கூரைக்குக் கீழே பதினொன்றாவது மணி நேரத்தில் ஒருவரை உட்கார வைத்து அவர் கையின் வேகத்தைக் குறை சொல்பவர்கள், கூரையை அளந்து பார்த்திருக்கிறார்களா?

நேரத்தை நீட்டக் கேட்டு அடுத்த முறையும் வருவார்கள். பன்னிரண்டு மணி நேரம் என்று நேரடியாகக் கேட்காமல், நெகிழ்வான வேலை நேரம், வாரத்துக்கு நான்கு நாள் என்று புதிய பெயரில் கேட்பார்கள். அப்போது தொழிலாளர் துறை எதிர்த்து வாதாடக்கூட வேண்டாம். விண்ணப்பிக்கும் ஒவ்வோர் ஆலையிடமும் கடந்த மூன்று மாதத்தின் ஒரே ஒரு பதிவேட்டைக் கேட்கட்டும்: லைன்வாரியாக, நாள்வாரியாக, எத்தனை நிமிடம் கட் பீஸுக்குக் காத்திருந்தது, எத்தனை நிமிடம் ஸ்டைல் மாற்றத்தில் போனது, எத்தனை நிமிடம் மெஷின் பழுதில், எத்தனை நிமிடம் குறை திருத்தும் ஆல்டர் வேலையில். நாளொன்றுக்குக் கையில் இருக்கும் 480 நிமிடத்துக்குக் கணக்குக் காட்ட முடியாத ஆலைக்கு இன்னொரு 240 நிமிடத்தை அரசு எதை நம்பித் தர வேண்டும்?